ஒரு மனை, ஏழு மேசை

மாலை ஆறு மணி தாண்டினால் பெங்களூரின் பீன்யா தெருவுக்கு வந்துவிடும். ஷிஃப்ட் முடிந்தவர்கள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கிராஸிலிருந்தும் தும்கூர் ரோட்டை நோக்கி நடப்பார்கள். கட்டிங் ஆயில் வாசனை அவர்கள் சட்டையோடு வரும். மெட்ரோ தூண்களுக்குக் கீழே பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் கன்னடத்துக்கு நடுவே தமிழ் தாராளமாகக் காதில் விழும். திருப்பத்தூர்த் தமிழ், தர்மபுரித் தமிழ், ஆரணிப் பக்கத்துத் தமிழ். அவர்கள் சாய்ந்து நிற்கும் தூண்களில் நோட்டீஸ்கள் ஒட்டியிருக்கும்: 30க்கு 40 சைட், ஈ-காத்தா ரெடி, பேங்க் லோன் கிடைக்கும், உடனே ரிஜிஸ்ட்ரேஷன்.

என் பெரியப்பா இந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்தவர். பீன்யா இரண்டாவது ஸ்டேஜில் லேத் பட்டறையில் 26 வருடம் வேலை பார்த்தார். 1998-ல் சீட்டு எடுத்த பணத்தையும் பெரியம்மாவின் வளையல்களையும் போட்டு, பட்டறைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் 30க்கு 40 மனை ஒன்று வாங்கினார். மண்ணும் கல்லுமாகக் கிடந்த அந்த இடத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைக் கூட்டிப்போவார். ஓரத்தில் ஒரு தென்னங்கன்று நட்டார். அவர் போன பிறகு, 2024 கடைசியில், அவர் மகள் தகரப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஜி.பி.ஏ. எனும் பொது அதிகாரப் பத்திரம் ஒன்று, பஞ்சாயத்துக் கந்தாய ரசீதுகள், பிறகு நகரசபை, மாநகராட்சி வரி ரசீதுகள், வருடம் தவறாமல் அடுக்கி நூல் போட்டுக் கட்டியவை.

"எல்லாம் இருக்கேடா?" என்றாள் அக்கா.

எல்லாம் இருந்தன. மனை அவர் பேரில்தான் இல்லை.

அடுத்த பதினோரு மாதம் நான் அவளோடு அலைந்தேன். அந்த அலைச்சல்தான் இந்தக் கட்டுரை. ஒரு மனையில் பணம் போடுகிறவர் அரசாங்கத்தை ஒற்றை ஆளாக நினைத்துக்கொள்கிறார். ஒரு முத்திரை விழுந்தால் அரசாங்கமே ஒப்புக்கொண்டதாக நம்பிவிடுகிறார். பீன்யாவில் ஒரு மனைக்கு ஏழு மேசை உண்டு. பத்திரத்தைப் பதியும் சார்பதிவாளர். பஹணி என்ற நிலப் பதிவேட்டை வைத்திருக்கும் தாசில்தார். எல்லையை அளக்கும் சர்வே துறை. நிலத்தைக் கையகப்படுத்தும் பெங்களூரு வளர்ச்சி ஆணையமான பி.டி.ஏ. வரி வாங்கிக் காத்தா கொடுக்கும் மாநகராட்சி வருவாய்ப் பிரிவு. கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரும் நகரத் திட்டப் பிரிவு. கடைசியாக, மின்சாரமும் தண்ணீரும் கொடுக்கும் பெஸ்காமும் குடிநீர் வாரியமும். ஒவ்வொரு மேசையும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. ஒரு மேசையில் விழுந்த முத்திரை அடுத்த மேசையைக் கட்டுப்படுத்தாது. நான் நேரில் பார்த்த இழப்புகள் அத்தனையும் இந்த ஒன்றைத் தெரியாததால் வந்தவை.

நகரம் மாறியது, நோட்டு மாறவில்லை

பீன்யாவின் காகிதங்கள் இப்படிச் சிக்கலானதற்குக் காரணம் உண்டு. எழுபதுகளின் பிற்பகுதியில் இங்கே தொழிற்பேட்டை வளரத் தொடங்கியபோது சுற்றிலும் இருந்தவை கிராமங்கள். ராகி வயல், தென்னை, பூந்தோட்டம். திகளரபாளையா என்று ஒரு பேட்டை இன்றும் இருக்கிறது. தோட்டக்கலைக்குப் பேர்போன, தமிழ் வேர் கொண்டவர்களாகச் சொல்லப்படும் திகளர் சமூகத்தின் பெயர் அது. ஆசியாவின் மிகப் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்றாக பீன்யா ஆனது. ஆனால் அந்தத் தொழிலாளர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்பதற்கு யாரும் போதுமான அளவில் திட்டம் போடவில்லை. அந்த இடைவெளியை விவசாயிகளும் தரகர்களும் நிரப்பினார்கள். விவசாய நிலத்தைக் கயிறு கட்டி அளந்து, கல் நட்டு, 'ரெவின்யூ சைட்' என்று விற்றார்கள். லே-அவுட் அனுமதி கிடையாது, பல இடங்களில் நில வகை மாற்றமும் கிடையாது. கிராமப் பஞ்சாயத்து வரி போட்டது, ரசீது கொடுத்தது.

பிறகு பஞ்சாயத்துகள் தாசரஹள்ளி நகரசபைக்குள் போயின. 2007 ஜனவரியில் அந்த நகரசபையையும் சேர்த்து ஏழு நகரசபைகள், கெங்கேரி புரசபை, 110 கிராமங்கள் எல்லாம் பழைய பெங்களூரு மாநகராட்சியோடு இணைந்து பி.பி.எம்.பி. என்ற பெருநகர மாநகராட்சி உருவானது. 2025 செப்டம்பர் 2-ம் தேதி அந்த பி.பி.எம்.பி.யும் கலைந்து, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்தன. பலகை மூன்று முறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய வரிப் பதிவேடு அதன் பிழைகளோடு அடுத்த அலுவலகத்துக்குப் போனது. கூட்டிப் பார்த்தால் பெரியப்பாவின் ரசீதுக் கட்டில் மூன்று உள்ளாட்சிகளின் சின்னங்கள் இருந்தன. மனை எண் இரண்டு இடத்தில் வேறு வேறாக எழுதப்பட்டிருந்தது.

காத்தா எதைச் சொல்கிறது?

தமிழ்நாட்டிலிருந்து வந்து பெங்களூரில் பணம் போடுகிறவர்கள் முதலில் தடுக்கிவிழும் கல் இதுதான். நம்மூரில் பட்டா, சிட்டா, வில்லங்கம் என்று கேட்டுப் பழகியவர்கள் இங்கே காத்தாவைப் பட்டா என்று எடுத்துக்கொள்கிறார்கள். காத்தா என்றால் கணக்கு, அவ்வளவுதான். இந்தச் சொத்துக்கு இன்னாரிடமிருந்து வரி வாங்குகிறோம் என்று மாநகராட்சி தன் பேரேட்டில் எழுதிவைத்துக்கொள்ளும் கணக்கு. காத்தா உரிமை ஆவணம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

அந்தப் பேரேட்டிலும் இரண்டு உண்டு. லே-அவுட் அனுமதி, நில வகை மாற்றம் எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஏ காத்தா. அனுமதி இல்லாத மனை, விதி மீறிய கட்டடம் என்றால் 'பி' பதிவேடு. வரி மட்டும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக வைத்த தனி நோட்டு அது. மக்கள் வாயில் அது பி காத்தா ஆனது. தரகர்கள் வாயில் அதுவும் ஒரு பட்டாவாக ஆனது. பீன்யாவைச் சுற்றி ஹெக்கனஹள்ளி, லக்கெரெ, அந்தரஹள்ளி என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் பி காத்தா பேச்சு வராமல் இருக்காது. வங்கிகள் பல அதற்குக் கடன் தரத் தயங்கும். அதனாலேயே விலை குறைவாக இருக்கும். குறைந்த விலைதான் லேத் ஆளையும் இழுக்கிறது, வாடகைக் கணக்குப் போடும் முதலீட்டாளரையும் இழுக்கிறது.

அனுமதியற்ற மனைகளையும் கட்டடங்களையும் அபராதம் வாங்கிக்கொண்டு ஒழுங்குபடுத்தும் 'அக்ரம-சக்ரம' திட்டத்துக்கு கர்நாடக அரசு 2007-லேயே சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. 2014-ல் புதிய விதிகள் வந்தன. 2016 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சரி என்றது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 'அக்ரம-சக்ரம வரப்போகுது, அப்புறம் விலை ரெட்டிப்பு' என்று சொல்லி விற்கப்பட்ட மனைகளை வாங்கியவர்கள் எத்தனை ஆண்டு காத்திருந்தார்கள் என்பதை இந்தத் தேதிகளே சொல்லும். பக்கத்தில் தமிழ்நாட்டையும் வைத்துப் பார்க்கலாம். அங்கேயும் 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பதிவைத் தடுத்தது. மறு ஆண்டே அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து 2016 அக்டோபர் 20-ஐக் கெடு நாளாக வைத்தது. கர்நாடகத்து மனைக்காரருக்கு அப்படி ஒரு கதவு திறக்க வெகுகாலம் ஆனது.

2024 அக்டோபரில் ஆட்டம் மாறியது. மின்வடிவக் காத்தாவான ஈ-காத்தா இல்லாமல் பெங்களூரில் சொத்துப் பதிவு இல்லை என்றானது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சொத்துகளின் வரைவு ஈ-காத்தாக்கள் இணையத்தில் போடப்பட்டன. பத்திரம், வரி எண், வில்லங்கச் சான்று, உரிமையாளரின் ஆதார், மின் இணைப்பின் ஆர்.ஆர். நம்பர், மனையின் படம் எல்லாவற்றையும் இணைத்தால் இறுதிக் காத்தா. தொடக்கத்தில் நடந்த குளறுபடிகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அக்காவின் மனை வரைவில் வேறொருவர் வார்டில் கிடந்தது. ஆனாலும் இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்பது இப்போது முன்னைவிடக் கடினம். பெட்டிக்குள் தூங்கிய பிழைகள் வெளிச்சத்துக்கு வந்தன. அக்காவுடையதும் அப்படித்தான் வந்தது. ஈ-காத்தாவுக்குப் பதிவான கிரயப் பத்திரம் கேட்டார்கள். அவளிடம் இருந்ததோ ஜி.பி.ஏ.

தொண்ணூறுகளில் இந்தப் பக்கம் ஜி.பி.ஏ. வியாபாரம் சாதாரணம். கிரயம் எழுதினால் விவசாய நிலச் சிக்கல் வரும், முத்திரைத்தாள் செலவும் வரும் என்று, பணத்தை வாங்கிக்கொண்டு பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அப்படி எழுதிக் கொடுப்பது உரிமையை மாற்றாது என்று 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துபோகும். எங்களுக்கு எழுதிக் கொடுத்த விவசாயி 2009-லேயே இறந்துவிட்டார். அவருக்கு மூன்று வாரிசுகள். அவர்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்க ஏழு மாதம் ஆனது. இரண்டு பேர் அப்பா வாங்கிய காசு என்று கௌரவமாகக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது ஆளுக்கு நாங்கள் கொடுத்த தொகையைச் சொன்னால் பெரியப்பா மனை வாங்கிய விலையைவிட அதிகம்.

2025 நவம்பரில் இன்னொரு கதவும் திறந்தது. 2,000 சதுர மீட்டர் வரையுள்ள பி காத்தா மனைகளை, வழிகாட்டு மதிப்பில் 5 விழுக்காடு கட்டி, ஏ காத்தாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று அரசு 100 நாள் திட்டம் அறிவித்தது. 60 லட்சம் வழிகாட்டு மதிப்புள்ள மனை என்றால் 3 லட்சம். கொடுக்கத் தகுந்த பணம் என்பது என் எண்ணம். ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்கவேண்டும். சரியாவது மனைதான். அதன் மேல் விதியை மீறி எழுப்பிய நாலாவது மாடி இதனால் சரியாகிவிடாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் விளம்பரங்கள் தூண்களில் ஏற்கெனவே வந்துவிட்டன.

பதிவு செய்தால் போதுமா?

சார்பதிவாளர் அலுவலகத்தில் விரலை வைத்துப் படம் எடுத்ததும் சொத்து நம்முடையது என்ற நிம்மதி வரும். அங்கே உண்மையில் நடப்பது என்ன? இன்னார் இன்னாருக்கு இப்படி ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார் என்பது பதிவாகிறது. எழுதிக் கொடுத்தவருக்கு அந்தச் சொத்து இருந்ததா என்று தீர்ப்பு சொல்வது 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரின் வேலை அல்ல. 2025 ஏப்ரலில், மூலப் பத்திரம் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற தமிழ்நாட்டின் 55-ஏ விதியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றபோது சொன்ன காரணமும் இதுதான். உரிமையை விசாரிக்க அந்த மேசைக்கு அதிகாரம் இல்லை. அப்படியென்றால் விசாரிக்கும் பொறுப்பு முழுக்க வாங்குகிறவர் தலையில்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு முத்திரைக் கட்டணம் 5 விழுக்காடு. மேல்வரியும் செஸ்ஸும் சேர்த்து நகரத்தில் 5.6 ஆகும். பதிவுக் கட்டணம் 1 விழுக்காடாக இருந்தது, 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 ஆனது. 60 லட்சத்து மனைக்கு மொத்தம் 4 லட்சத்து 56 ஆயிரம். இதைக் குறைக்க மதிப்பைக் குறைத்து எழுதி மிச்சத்தை ரொக்கமாகக் கொடுக்கும் யோசனை தரகரிடமிருந்து வரும். அதைக் கேட்காதீர்கள். பிறகு வழக்கு வந்தால் பத்திரத்தில் எழுதாத பணத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் சாட்சி இருக்காது.

நிலத்துக்கு ஒரு பழைய வாழ்க்கை உண்டு

மற்ற எல்லாவற்றையும்விட நான் அதிக நேரம் செலவிட்டது தாசில்தார் அலுவலகப் பதிவறையில். மனையாக வெட்டப்படும் முன் அந்த நிலம் என்னவாக இருந்தது? யாருக்கு, எப்படி வந்தது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் போட்ட பணம் கிணற்றில் போட்ட கல்.

கர்நாடகத்தில் 1978-ல் வந்த ஒரு சட்டத்தைப் பெயரைக் குறுக்கி பி.டி.சி.எல். என்பார்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த நிலத்தை அனுமதியில்லாமல் விற்றால் விற்பனை செல்லாது. நிலம் அந்தக் குடும்பத்துக்கே திரும்பும். எத்தனை கை மாறியிருந்தாலும் கடைசியாக வாங்கியவர்தான் இழப்பார். தாமதமாக வந்த மனுக்களை நீதிமன்றங்கள் தள்ளத் தொடங்கியதும், 2023-ல் சட்டத்தைத் திருத்திக் காலவரம்பு இல்லை என்று ஆக்கினார்கள். நியாயமான சட்டம் இது. ஏழைக் குடும்பத்திடம் சொற்ப விலைக்குப் பறித்ததைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் ஐந்தாவது கையாக வாங்கிய தொழிலாளிக்கு இது தெரியவேண்டும் அல்லவா? மனையின் சர்வே எண்ணுக்குப் பழைய பஹணியையும் மானியப் பதிவேட்டையும் ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும். கணினி வில்லங்கச் சான்று 2004-க்குப் பிந்தைய பதிவுகளைத்தான் எளிதாகக் காட்டும். அதற்கு முன்னால் போக, எழுதிக் கொடுத்துத் தேடச் சொல்லவேண்டும்.

அடுத்தது கையகப்படுத்தல். பீன்யாவிலிருந்து ஹெசரகட்டா பக்கம் கொஞ்ச தூரம் போனால் சோமசெட்டிஹள்ளி, லட்சுமிபுரா போன்ற ஊர்கள். 2008 டிசம்பர் 30-ம் தேதி டாக்டர் சிவராம காரந்த் லே-அவுட்டுக்காக 17 கிராமங்களில் 3,546 ஏக்கரை எடுப்பதாக பி.டி.ஏ. முதல்நிலை அறிவிக்கை வெளியிட்டது. வழக்குகள் வந்தன, உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, திட்டம் செத்துவிட்டது என்றே ஊர் நம்பியது. அந்தப் பத்தாண்டில் அங்கே மனைகள் விற்றன, பத்திரங்கள் பதிவாயின, வீடுகள் எழும்பின, மின்சாரமும் வந்தது. 2018 ஆகஸ்ட் 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் லே-அவுட்டை நிறைவேற்றியே ஆகவேண்டும் என்றது. 2020 டிசம்பரில் ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.வி. சந்திரசேகர் தலைமையில் குழு அமைந்தது. அந்த ஆகஸ்ட் 3-க்கு முன் கட்டிய வீடு என்று ஆதாரத்தோடு காட்டியவர்களைக் குழு காப்பாற்றியது. வீடு கட்டாமல் வெறும் மனையாக வைத்திருந்தவர்களுக்கு அந்த நிழல் இல்லை. விலை ஏறட்டும் என்று காலி மனையை வைத்திருப்பதுதான் முதலீடு என்று நம்புகிறோம். இங்கே அந்தக் காலி இடமே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. பி.டி.ஏ.வில் அந்தச் சர்வே எண் ஏதாவது அறிவிக்கையில் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டிருந்தால் 2009-லேயே பதில் கிடைத்திருக்கும். சார்பதிவாளர் மேசை அதைச் சொல்லவில்லை, மின்சார மேசையும் சொல்லவில்லை, ஏனென்றால் அது அவர்கள் கேள்வி இல்லை.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே நிலைதான். பீன்யா-ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை இருந்த நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1896-ல் பீன்யா பிளான்டேஷன் என்று காடாக அறிவிக்கப்பட்ட 599 ஏக்கர் அது. அந்த அறிவிப்பை முறைப்படி ரத்து செய்யாமலே நிலம் கைமாறியது என்பது வனத்துறையின் வாதம். முறையாகப் பெற்ற நிலம் என்பது எச்.எம்.டி.யின் பதில். ஆலை நொடித்த பிறகு அந்த நிலத்தில் பல பகுதிகள் அரசு நிறுவனங்களுக்கும் தனியாருக்கும் விற்கப்பட்டன, அடுக்கு மாடிகளும் எழுந்தன. 2024-ல் வனத்துறை அமைச்சர் ஈஷ்வர் கண்ட்ரே நிலத்தை மீட்கச் சொன்னார். அதே ஆண்டின் கடைசியில், படப்பிடிப்புக்காக அங்கே மரங்கள் வெட்டப்பட்டதாக வழக்குப் பதிவானதும் ஊர் முழுக்கப் பேச்சானது. மத்திய அரசு நிறுவனத்திடமிருந்து வாங்கிய நிலத்துக்கே 128 வருடத்து அறிவிக்கை ஒன்று எதிரே வந்து நிற்க முடியும் என்றால், நோட்டீஸைப் பார்த்து மனை வாங்குகிறவர் எத்தனை எச்சரிக்கையாக இருக்கவேண்டும்?

தண்ணீர் போன வழி

2016 ஆகஸ்டில் பெங்களூரின் தெற்கே அவனி சிருங்கேரி நகரில் மாநகராட்சி வீடுகளை இடித்தது. முந்தைய மாத மழையில் நகரின் தென்பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. ராஜகாலுவே என்று இங்கே சொல்லும் பெருவடிகாலின் மேல் கட்டியவை என்று அளந்து சொன்னார்கள். வீட்டை இழந்தவர்கள் கையில் காத்தா இருந்தது, கட்டட அனுமதி இருந்தது, வங்கிக் கடன் இருந்தது. எல்லாக் காகிதத்தையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் காகிதங்களில் எதுவும் சர்வே துறையின் கிராம வரைபடம் ஆகாது.

பீன்யா உயரமான மேடு. விருஷபாவதியின் தொடக்க ஓடைகளில் ஒன்று இந்தப் பக்கத்திலிருந்து இறங்குகிறது. நெலகதரனஹள்ளி, தொட்டபிதரகல்லு என ஏரிகளும் அவற்றை இணைக்கும் கால்வாய்களும் உண்டு. பல இடங்களில் கால்வாய் இப்போது கண்ணுக்குத் தெரியாது, இரண்டு பட்டறைச் சுவர்களுக்கு நடுவே சாக்கடையாகச் சுருங்கியிருக்கும். நாங்கள் அலைந்தபோது நடைமுறையில் இருந்தது 2015-க்கான திருத்திய பெருந்திட்டம்தான். அதன்படி முதல்நிலைக் கால்வாயின் நடுவிலிருந்து 50 மீட்டர், இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15, ஏரிக்கு 30 மீட்டர் கட்டடம் வரக் கூடாது. பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் ஏரிக்கு இதை 75 மீட்டர் ஆக்கியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிப் பழைய அளவுக்கே திரும்பியது. கையிலிருக்கும் போனில் கர்நாடக அரசின் 'திஷாங்க்' செயலியைப் போட்டுக்கொண்டு மனையில் நின்றால் எந்தச் சர்வே எண்ணில் நிற்கிறோம், கால்வாய் எங்கே போகிறது என்று காட்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்யவேண்டிய முதல் வேலை இதுதான்.

தொழிற்பேட்டைக்குள்ளேயே ஷெட் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியமான கே.ஐ.ஏ.டி.பி. ஒதுக்கிய இடம் என்றால் அது எடுத்த எடுப்பிலேயே கிரயம் ஆகாது. குத்தகை-விற்பனை ஒப்பந்தம்தான், அதன் நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகே கிரயம். அது முடியாத இடத்தை வாரியத்தின் அனுமதி இல்லாமல் ஒருவர் உங்களுக்கு 'விற்றால்', அவர் விற்றது தன்னிடம் இல்லாத ஒன்றை. தொழிலுக்குக் கொடுத்த இடத்தில் பி.ஜி. விடுதி கட்டி வாடகை பார்ப்பதும் அப்படி அனுமதி இல்லாத வேலைதான்.

மீட்டர் வராத வீடு

2024 டிசம்பர் 17-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரப்பிரதேச வழக்கு ஒன்றில் நாடு முழுவதற்கும் சில கட்டளைகள் போட்டது. கட்டட நிறைவுச் சான்றோ குடியேற்றச் சான்றோ இல்லாமல் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு கொடுக்கக் கூடாது. 2025-ல் பெங்களூரில் பெஸ்காம் அதைப் பிடித்துக்கொண்டதும், கட்டி முடித்த ஏராளமான வீடுகள் இருட்டில் நின்றன. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே குடும்பங்கள் ஓட்டின. அந்த ஆண்டு அக்டோபரில் 1,200 சதுர அடி வரையுள்ள மனைகளின் சிறு வீடுகளுக்குக் குடியேற்றச் சான்றிலிருந்து அரசு விலக்கு கொடுத்தது. 30க்கு 40 மனைக்காரர்கள் மூச்சு விட்டார்கள். அதே மனையில் ஐந்து மாடி போட்டு ஆறு வாடகை என்று கணக்குப் போட்டவர்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது. என் கருத்தில் அது பொருந்தவும் கூடாது. அந்தத் தெருக்களில் தீயணைப்பு வண்டி திரும்ப இடமில்லை.

கவுன்டர் முன்னால்

அலுவலகங்களில் கெட்டவர்களை மட்டும் நான் பார்க்கவில்லை. அக்கா கையில் நூல்கட்டைப் பார்த்ததும் ஒரு பெண் கணக்கர், உணவு இடைவேளையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் பழைய பதிவேட்டைப் புரட்டினார். வேறொரு வருவாய் அலுவலகத்தில், கோப்பு காணவில்லை என்று நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாம் முறை வாசலில் நின்ற ஒருவர், 25 ஆயிரம் ஆகும், நாளைக்கே கிடைக்கும் என்றார். காணாமல் போன கோப்பு இருக்கும் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது.

கொடுத்துவிடலாம் என்று அக்கா சொன்னாள். களைப்பு அப்படி. நான் தடுத்ததற்குக் காரணம் கொள்கை மட்டும் இல்லை. 2018-ல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தில் கொடுத்தாலும் ஏழு நாளுக்குள் புகார் சொன்னால்தான் பாதுகாப்பு. அதோடு, பணத்தால் வந்த காத்தா பணம் கொடுக்கும் இன்னொருவர் கையால் போகவும் செய்யும்.

வேலை செய்தது வேறு. கர்நாடகத்தில் 'சகாலா' என்ற சேவை உத்தரவாதச் சட்டம் 2011-லிருந்து இருக்கிறது. பட்டியலில் உள்ள சேவைக்கு மனு கொடுத்தால் 15 இலக்க எண்ணோடு ஒப்புகைச் சீட்டு தரவேண்டும், கெடு தாண்டினால் நாளைக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய், சம்பந்தப்பட்ட ஊழியரிடமிருந்து பிடித்து நமக்குத் தரவேண்டும். தொகை சிறியது. ஆனால் அந்த எண் கணினியில் தாமதமாக ஏறி நிற்பதை எந்த அதிகாரியும் விரும்புவதில்லை. ஆகவே வாயால் கேட்பதை நாங்கள் விட்டோம். ஒவ்வொரு கேள்வியும் மனுவானது. கோப்பு காணோம் என்ற அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போட்டோம். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. கர்நாடகத்தில் 150 சொல்லுக்குள், ஒரே பொருள் பற்றி எழுதவேண்டும். அக்கா கன்னடத்தில் தானே எழுதினாள். பீன்யாவில் பிறந்து கன்னடப் பள்ளியில் படித்தவள், தமிழ் அவளுக்கு வீட்டு மொழி. கோப்பின் எண், கடைசியாக அது இருந்த மேசை, அதைப் பெற்றுக்கொண்டவரின் பதவி, இந்த மூன்றும் வேண்டும் என்று கேட்டாள். 22-ம் நாள் கோப்பு கிடைத்துவிட்டதாகப் பதில் வந்தது.

கன்னடம் தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஆனால் விற்கிறவர் காட்டும் வக்கீலையோ தரகரையோ அல்ல. நீங்கள் தேடிப் பிடித்த, உங்களிடம் கட்டணம் வாங்கும் ஒரு வக்கீல் முப்பது வருடத்துப் பத்திரத் தொடரைப் படித்து எழுத்தில் கருத்துச் சொல்லட்டும். அதற்கு ஆகும் செலவு தரகுக் கமிஷனில் ஒரு சிறு பங்குதான்.

கிரயப் பத்திரம் 2025 செப்டம்பரில் பதிவானது. கட்டணம் உயர்ந்து சில நாளே ஆகியிருந்ததால் கூடுதலாக ஒரு விழுக்காடு கட்டினோம். ஈ-காத்தாவை அக்கா பேருக்கு மாற்றும் மனுவும் போட்டாயிற்று. வரைபட அனுமதிக்கு முன் எல்லையை அளக்கச் சொல்லி அக்காவே சர்வே துறைக்கு மனு கொடுத்தாள். மனைக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஓடும் சாக்கடை அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

அளக்க வந்தவர் கிராம வரைபடத்தைத் தென்னை மரத்தடியில் விரித்தார். அது சாக்கடை அல்ல, மூன்றாம் நிலைக் கால்வாய். நடுவிலிருந்து 15 மீட்டர் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோடு மனையின் பின்பக்கத்தில் ஒன்பதடியை வெட்டிக்கொண்டு போனது. பெரியப்பாவின் தென்னை அந்தப் பக்கம் நின்றது. அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருமாறு அக்கா கேட்டாள், அவரும் தந்தார். வாங்கி மடித்து வைத்துக்கொண்டவள், கோட்டின் இந்தப் பக்கம் வந்து, சுவரிலிருந்து காலடி காலடியாக அளக்கத் தொடங்கினாள். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மாடிக்குப் படி. உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே நடந்தாள்.